பிரஷர் ஏறவில்லை

ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் மயக்க மருந்து டாக்டர். அன்று மதியம் மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஒரு பெண்ணை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவள். தலைப்பிரசவம்; எட்டு மாதம் முடிந்திருந்தது. வீட்டில் வலிப்பு வந்து வழியில்தான் நின்றிருந்தது. பிரஷர் இருநூறைத் தாண்டிப் போயிருந்தது.

குழந்தையை உடனே எடுத்தாக வேண்டும். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்திருந்ததால் முதுகில் ஊசி போட முடியாது. முழு மயக்கம் கொடுத்து, மூச்சுக்கான குழாயைத் தொண்டை வழியாக இறக்க வேண்டும். எனக்குப் பயம் அதில்தான். மயங்கிக் கிடந்தாலும் தொண்டையைத் தொட்டால் உடம்பு சும்மா இருக்காது. இதயம் தடதடக்கும், பிரஷர் எகிறும். ஏற்கெனவே அந்த உயரத்தில் நிற்பவளுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிடலாம்.

வாசலில் நின்ற கணவரிடம் இதைச் சொன்னேன். லேத் ஆபரேட்டர்; கம்பெனிச் சட்டையோடு வந்திருந்தார்.

"ஏறாம பாத்துக்குங்க மேடம்," என்றார்.

"பாத்துக்கிறேன்," என்றேன்.

உள்ளே அவள் விழித்திருந்தாள். "மேடம், தலை பொளக்குது. லைட்டப் பாக்க முடியல." பிரஷரைக் குறைக்கும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். அதிகமாக இறக்கினால் குழந்தைக்கு ரத்தம் போகாது. நினைத்த அளவுக்கு வந்ததும் தூங்க வைத்துக் குழாயை இறக்கினேன். மானிட்டரில் எண்கள் அசையவில்லை. இதயம் சீராக ஓடியது. பெண் குழந்தை பிறந்து அழுதது. இத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமாக நான் குழாய் போட்டதில்லை என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அவள் எழவில்லை. மயக்கத்தை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தேன். இமையைத் தூக்கி டார்ச் அடித்தபோது ஒரு கண்ணின் கருமணி அகலமாகத் திறந்து கிடந்தது, வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. ஸ்கேனில் மூளைக்குள் ரத்தம். பெங்களூருக்கு அனுப்பினோம். அத்திப்பள்ளி நெரிசலில் ஊர்ந்து ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தது. மறுநாள் இறந்துவிட்டாள்.

குழந்தை எங்களிடமே இருந்தது. காரியமெல்லாம் முடித்துவிட்டு அதை அழைத்துப்போக வந்த அன்று, அவள் கணவர் என்னைத் தேடி மாடிக்கு வந்தார்.

"ஏறாம பாத்துக்கிறேன்னு சொன்னீங்களே மேடம்."

"ஏறலைங்க. வீட்டுல வலிப்பு வந்தப்பவே மூளையில ரத்தம் கசிய ஆரம்பிச்சிருக்கும்னு நினைக்கிறேன். உறுதியாச் சொல்ல முடியல."

உண்மையைத்தான் சொன்னேன். அது என்னைக் காப்பாற்றும் உண்மை என்றும் தெரியும். அது வேறு யார் தலையில் போய் விழும் என்று நான் யோசிக்கவில்லை.

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "முந்தின நாளே தலைவலின்னு சொல்லிட்டுதான் இருந்தா. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்துட்டு நைட் ஷிப்டுக்குப் போயிட்டேன்."

"யாரா இருந்தாலும் அதத்தாங்க செஞ்சிருப்பாங்க."

"அப்பவே கூட்டியாந்திருந்தா பொழச்சிருப்பாளா? அத மட்டும் சொல்லுங்க."

பிழைத்திருக்கலாம். அந்தச் சொல் என் வாய்வரை வந்தது.

"தெரியலைங்க," என்றேன்.

தலையாட்டினார். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. படிக்கட்டில் அவருடைய மாமியார் குழந்தையைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "ஊத்தங்கரை பஸ்ஸு போயிரும், வாங்க," என்று கூப்பிட்டவர், கைப்பிடியைப் பற்றி இறங்குவதற்காகக் குழந்தையை மருமகனிடம் நீட்டினார்.

அவர் அதை வாங்கிக்கொள்ளாமல் முன்னால் இறங்கிப் போனார்.