"சரியாப் போச்சு" என்று சொன்னவரின் வழக்கு

நாராயணப்பன் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். போல்ட்டின் மரை மயிரிழை தப்பினாலும் தூக்கி எறிந்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர், பெங்களூரு ஷோரூமில் புதுக் கார் எடுத்த அன்று கண்டுபிடித்த குறை ஒன்றே ஒன்று: காருக்குப் போட்ட மாலையில் ரோஜா வாடியிருந்தது. சண்டை போட்டு வேறு மாலை வாங்கிக்கொண்டார்.

மறுவாரமே மாநில எல்லையில், அத்திப்பள்ளி நெரிசலில் இன்ஜின் நின்றது. ஏ.சி. போட்டு மெதுவாக ஊர்ந்தால் போதும், பொசுக்கென்று அணைந்துவிடும். பின்னால் நிற்பவர்கள் கன்னடத்தில் ஆரம்பித்து, தெலுங்கில் தொடர்ந்து, தமிழில் முடிப்பார்கள். மூன்றும் அவருக்குப் புரிந்து தொலைத்தது.

"ஊர்ல இருக்கற போல்ட்டெல்லாம் ரிஜெக்ட் பண்றீங்க, இத எப்படிங்க பாஸ் பண்ணீங்க?" என்றாள் மனைவி சுகுணா.

"புது சீட்டு வாசனை. மயங்கிட்டேன்."

நாராயணப்பனுக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. மழை கொட்டினால் "நல்ல வெயில்" என்பார். சர்வீஸ் முடிந்து வரும் வழியிலேயே கார் மறுபடி நிற்கும். நடுரோட்டில் நின்றபடி சர்வீஸ் அட்வைசருக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார்: "சரியாப் போச்சு போங்க! ரொம்ப சந்தோஷம்!"

அட்வைசர் ஒடிசாக்காரர், தமிழை ஆசையாகக் கற்றுக்கொண்டிருந்தார். சொல்லுக்குச் சொல் புரிந்துகொண்டு, "கோளாறு சரியானது, வாடிக்கையாளருக்கு மிக்க மகிழ்ச்சி" என்று கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஒவ்வொரு தடவையும்.

வேறு கார் கொடுங்கள், இல்லை பணத்தைக் கொடுங்கள் என்று கேட்டபோது ஷோரூமில் கையை விரித்தார்கள். "கேஸ் போடணும்னா பெங்களூருக்குத்தான் வரணும் சார்." நாராயணப்பன் அதையும் அப்படியே நம்பினார். வக்கீல் ஜெயப்ரியாதான் சிரித்தார்.

"எங்க வாங்கினா என்ன சார்? நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம். நுகர்வோர் சட்டம் அப்படித்தான் சொல்லுது."

கிருஷ்ணகிரி நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு ஏறியது. விசாரணையில் ஷோரூம் வக்கீல் எழுந்தார்.

"சரியாப் போச்சுன்னு மனுதாரரே ஒத்துக்கிட்டார் மேடம். அவர் குரலே இருக்கு." போனை உயர்த்தி ஓட விட்டார்.

அறை முழுக்க நாராயணப்பனின் நக்கல் கணீரென்று ஒலித்தது. ஆணையத் தலைவி வாயைப் பொத்திக்கொண்டார். நாராயணப்பன் தன் செருப்பையே பார்த்தார்.

"மேடம், அது... கிண்டலுங்க."

"எனக்குப் புரியுது. ஆணையில அப்படி எழுத முடியுமா? தயாரிப்புலயே கோளாறுன்னு நிபுணர் பாத்துச் சொல்லட்டும்."

பாலிடெக்னிக்கிலிருந்து ஆட்டோமொபைல் ஆசிரியர் ஒருவரை நியமித்தார்கள். சோதனை நாளில் அவர் ஓட்ட, ஷோரூம் மேனேஜர் பக்கத்திலும் நாராயணப்பன் பின்னாலும் உட்கார்ந்தார்கள். பாழாய்ப்போன கார் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"எவ்ளோ ஸ்மூத்தா போகுது, பாருங்க சார்!" என்றார் மேனேஜர்.

நாராயணப்பனுக்கு வியர்த்தது. இத்தனை மாதம் "நின்னுடாத தாயே" என்று கும்பிட்டவர், "நில்லு தாயே, ஒரே ஒரு தடவை" என்று முணுமுணுத்தார். தாயே குழம்பிப் போயிருப்பாள்.

குந்தாரப்பள்ளியில் சந்தை நாள். மாடு ஏற்றிய வண்டிகளுக்கு நடுவே கார் ஊர்ந்தது. ஆசிரியர் ஏ.சி.யைக் கூட்டினார். பொசுக்.

"யோவ், வண்டிய எடுய்யா!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். ஒரு மாடு கண்ணாடியை நக்கியது. தன் கார் நடுரோட்டில் நின்றதற்காக நாராயணப்பன் கை தட்டினார். ஆசிரியர் திரும்பிப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார்.

ஆசிரியரின் அறிக்கை தயாரிப்புக் கோளாறு என்றது. தலைவி கேட்டார்: "வேற கார் வேணுமா, பணமா?"

"இதே மாதிரி இன்னொண்ணு குடுத்தா..." என்று ஆரம்பித்தவரை ஜெயப்ரியா முழங்கையால் இடித்தார்.

"பணமுங்க மேடம்," என்றார் அவசரமாக.

கம்பெனியும் ஷோரூமும் விலையைத் திருப்பித் தர ஆணை வந்தது. நாராயணப்பன் பஸ் நிலையத்தில் நின்று சுகுணாவுக்குப் போன் போட்டார்.

"ஜெயிச்சுட்டோம்."



"நெசமாவா, இல்ல வழக்கம்போலவா?" என்றாள் சுகுணா.