அப்பாவின் மூன்றாவது கையெழுத்து

சில வருடங்களுக்கு முன், பங்குச் சந்தை சரிந்து மாதக்கணக்கில் எழாமல் கிடந்த சமயம் அது. மைசூரு விஜயநகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அரைகுறைத் தூண்களும் அவற்றின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளுமாக இருந்தன. தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அப்பா மாடி கட்டத் தொடங்கியிருந்தார். அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி பென்ஷன் கிடையாது. மாடியை வாடகைக்கு விட்டு அதில் காலம் தள்ளுவதுதான் திட்டம். அதற்கான பணம், நான் கைக்குழந்தையாக இருந்தபோது தொடங்கி, போனஸ் வரும்போதெல்லாம் அவர் சேர்த்துவந்த மியூச்சுவல் ஃபண்டில் இருந்தது. தூண் எழும்பிய நேரத்தில் சந்தை விழுந்தது. மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டார். அம்மா கம்பிக்குக் கம்பி கொடி கட்டித் துணி காயப்போட ஆரம்பித்தார்.

நான் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் புள்ளிவிவரங்களோடு மல்லுக்கட்டும் வேலையில் இருக்கிறேன். காய்கறிக் கடைக்குக்கூடப் பட்டியல் எழுதாமல் போகமாட்டேன். அதனாலேயே, பணத்தை எடுப்பதா காத்திருப்பதா என்ற கேள்வியை அப்பா என்னிடம் விட்டார். சந்தை நிலவரத்தை ஃபோனில் நொடிக்கொரு தரம் பார்த்து அவருக்குச் சாப்பாடே இறங்காமல் போனதால், அந்த ஆப்பை நீக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சொல்வதை மட்டும் கேட்டுக்கொள்வது என்று ஏற்பாடு.

என் பட்டியலில் ஜிஎஸ்டி வசூல், கார் டூவீலர் விற்பனை, மின்சாரப் பயன்பாடு, விலைவாசி, வங்கிக் கடன், கம்பெனிகளின் காலாண்டு லாபம் எல்லாம் இருந்தன. நன்றாக இருந்தால் பச்சை, சுமாரென்றால் மஞ்சள், மோசமென்றால் சிவப்பு. எல்லாம் பச்சையாகும் வரை பொறுப்போம் என்றேன். ஆனால் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டே வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏறக்குறைய முழுவதும் சிவப்பாகிவிட்ட பட்டியலை அப்பாவிடம் காட்டி, இன்னும் விழும், மொத்தத்தையும் எடுத்துவிடலாம் என்று சொன்னேன். என் குரலில் துளிகூடச் சந்தேகம் இருக்கவில்லை. இப்போது எடுத்தால் மாடி முழுதாக வராது என்பது அப்பாவுக்குத் தெரியும். இருப்பதும் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் தலையாட்டினார்.

அந்த ஃபண்ட், ஆன்லைனில் எடுக்க முடியாத பழைய காகிதக் கணக்கு. சேவை மையத்துக்குப் போய்ப் படிவம் கொடுத்துவிட்டு வந்தோம். சில நாட்களில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தது. அப்பா கன்னடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். வங்கியிலும் அப்படித்தான் போடுவார். ஒருவேளை அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் போட்டிருப்பேனோ என்று, இரண்டாவது முறை ஆங்கிலத்தில் போட்டார். கவுன்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இதுவும் மேட்ச் ஆகலில்லா" என்றாள், பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக. பணம் போடும்போது யாரும் கையெழுத்தை உற்றுப் பார்ப்பதில்லை. எடுக்கும்போதுதான் பார்க்கிறார்கள்.

பழைய கையெழுத்தைக் காட்டமாட்டார்களாம். வங்கி மேலாளரிடம் சான்று வாங்கிவந்தால் புதிய கையெழுத்தை ஏற்றுக்கொள்வார்களாம். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் நாந்தான்னு இன்னொருத்தன் எழுதித் தரணுமா?" என்று வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

இப்படியே வாரங்கள் ஓடின. அந்த வாரங்களில் சந்தை மெல்ல ஏற ஆரம்பித்திருந்தது. நான் அதை நம்பவில்லை. பட்டியல் இன்னும் சிவப்பாகவே இருந்ததால், இது நிலைக்காத ஏற்றம் என்று ஞாயிறுதோறும் சொல்லிக்கொண்டிருந்தேன். சீக்கிரம் சான்று வாங்குங்கள் என்று அப்பாவை நச்சரிக்கவும் செய்தேன்.

ஒரு நாள் காலை, தோசை வார்த்துக்கொண்டிருந்த அம்மா எங்கள் சண்டையைக் கேட்டுவிட்டு அடுப்படியிலிருந்தே சொன்னார்: "ஏனுங்க, அப்பல்லாம் நீங்க தமிழ்லதான போடுவீங்க? இவ மார்க்ஸ் கார்டுல போட்டது மிஸ்ஸுக்குப் படிக்க வரலீன்னு இவ அழுதுட்டு வந்தப்புறந்தான கன்னடத்துக்கு மாறுனீங்க?"

எனக்கு அது நினைவே இல்லை. அப்பாவுக்கும் மறந்திருந்தது. சொந்த ஊரான கௌதள்ளியில், தமிழில் படித்த பள்ளி நாட்களில் பழகிய கையெழுத்து. என் அழுகைக்காக ஒரே நாளில் விட்டிருக்கிறார். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தார். முதலில் கடைசி எழுத்தின் சுழி கைக்கு வரவில்லை. "கை மறந்துபோச்சு கண்ணு" என்று சிரித்தார். மாலைக்குள் வந்துவிட்டது.

மறுநாள் மூன்றாவது தடவையாகப் போனோம். அதே பெண் பார்த்தாள், முகம் மலர்ந்தது. "மேட்ச் ஆயித்து அங்கிள்" என்றாள். எவ்வளவு எடுக்க வேண்டும் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அப்பா பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். மொத்தத்தையும் எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

ஃபோனில் பட்டியலைத் திறந்தேன். பெரும்பாலும் சிவப்பு. அதே ஃபோனில், முதல் முறை நாங்கள் வந்துபோன நாளைவிட ஃபண்டின் மதிப்பு நன்றாகவே ஏறியிருந்தது. அன்றைக்குக் கையெழுத்து ஒத்துப்போயிருந்தால், ஏறக்குறைய அடிமட்ட விலைக்கு எல்லாவற்றையும் கொடுத்திருப்போம். அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. என் பட்டியலில் இருந்தவை பெரும்பாலும் நடந்து முடிந்த மாதங்களின் எண்கள். லாபக் கணக்கோ அதற்கும் பழையது. போன மாதக் கரண்ட் பில்லை வைத்துக்கொண்டு, இப்போது வீட்டில் விளக்கு எரிகிறதா என்று சொல்லப் பார்த்திருக்கிறேன். அதற்காக இனி ஏறத்தான் போகிறது என்று சொல்லவும் என்னிடம் ஆதாரம் இல்லை.

"எனக்குத் தெரியலப்பா" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நெசமாவா?"

"நெசமா."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா மூணு தடவ பெட்ரோலாவது மிச்சமாயிருக்குமே. எனக்குந்தான் தெரியல. நீ அவ்வளவு திட்டமா சொல்றியேன்னு நானும் தலையாட்டிட்டு இருந்தேன்."

கவுன்டர் பெண்ணுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அப்பா கொஞ்சம் தள்ளி நின்று மேஸ்திரிக்கு ஃபோன் செய்து, மாடி முழுதும் வேண்டாம், ஒரு ரூமும் சமையலறையும் பாத்ரூமும் மட்டும் என்றால் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அந்தத் தொகையைக் கட்டத்தில் எழுதினார். மீதி அங்கேயே இருக்கட்டும் என்றார். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் ஒரு வாடகை வரும். அது போதும் அவருக்கு.

அந்த ரூமில் இப்போது ஒரு நர்ஸ் குடியிருக்கிறார். ஃபண்டில் விட்டுவைத்த பணம் அடுத்த ஒரு வருடத்தில் பழைய நிலைக்கு வந்து, அதையும் தாண்டிவிட்டது. என் பட்டியலும் ஒவ்வொரு கட்டமாகப் பச்சையானது, சந்தை எப்போதோ மேலே போன பிறகு. மாடியின் மறுபாதியில் கம்பிகள் இன்னும் நிற்கின்றன, அம்மாவின் கொடியோடு. துருப்பிடிக்காமலிருக்க அப்பா அவற்றுக்குச் சிமென்ட் பால் பூசிவைத்திருக்கிறார். அவருக்கு அவசரமில்லை.

நான் இன்றும் பட்டியல் போடுகிறேன். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது எந்த மாதத்தைப் பற்றிப் பேசுகிறது என்று எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா கேட்கும்போது, எனக்குத் தெரியாததை முதலில் சொல்லிவிட்டுத்தான் தெரிந்ததற்கு வருகிறேன். அந்த வரிசை மாறிய பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காமல் போனதில்லை.