பழைய என்றொரு சொல்

அகராதி அலுவலகத்தில் அவருக்கு அடைமொழியார் என்று பெயர். சேர்ந்த நாளிலிருந்து லத்தீன் பெயரடைகளைத் தவிர வேறெதையும் அவர் தலையில் யாரும் கட்டியதில்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எடுத்த சொல்லை அவரேதான் முடிக்க வேண்டும். அந்தச் சொல் வரும் வரிகளை எழுதிவைத்த மேற்கோள் சீட்டுகள் மேசை முழுக்கப் பரப்பிக் கிடக்கும். பாதியில் எழுந்து போனால் வரிசை குலைந்துவிடும். அதனால் சொல் முடியும்வரை யாரும் விடுப்புக் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை.

அண்ணி தொலைபேசியில் அழைத்தபோது அவர் கையில் இருந்தது ‘வேட்டுஸ்’. பழைய என்று பொருள்.

“தம்பி, அண்ணனுக்கு ரொம்ப முடியல. உங்களையே கேட்டுட்டு இருக்கார். ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.”

“ஒரு சொல் பாதியில நிக்குது அண்ணி. ரெண்டு நாள்ல முடிச்சிட்டு ஓடி வந்துடறேன்.”

அப்பா போனபின் அவரைப் படிக்க வைத்தது அண்ணன்தான். தச்சுப் பட்டறையில் மரத்தூளைச் சுவாசித்தே நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட மனிதர். “செத்துப்போன பாஷையப் படிச்சு யார்கூடடா பேசப்போற?” என்று கிண்டலடிப்பார். கேட்ட புத்தகத்தை மட்டும் வாங்காமல் வரமாட்டார்.

சொல்லோ லேசில் முடிவதாக இல்லை. அதன் வேரில் ஆண்டு என்ற பொருள் கிடந்தது. ஆண்டுகள் ஏறியது பழையதாயிற்று. ஆண்டைக் குறிக்கும் வடமொழி வத்சரம்கூட அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். மற்றப் பெயரடைகள் பெரும்பாலும் பாலுக்கேற்பச் சட்டை மாற்றும். இது ஒருமை எழுவாயில் மூன்று பாலுக்கும் ஒரே சட்டையோடு நிற்கும்; வேற்றுமை ஏறினால்தான் ‘வேட்டெரிஸ்’ என்று மாறும். மது, செருப்பு, நண்பன், பகை எல்லாவற்றோடும் ஒட்டும். கூடப்பிறந்தவர்களில் மூத்தவனைச் சொல்ல மட்டும் உதவாது. அதற்கு வேறு சொல். அதை எழுதும்போது அவர் கை கொஞ்சம் நின்றது. அந்த இழவெடுத்த சீட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்திருக்கலாம். மனிதர் அடுத்த சீட்டை எடுத்தார்.

இரண்டு நாள் நாலாயிற்று. சொல்லை முடித்த கையோடு அகராதி ஆசிரியர் அறைக்குப் போய் விடுப்புக் கேட்டார்.

“அன்னிக்கே கிளம்பியிருக்கலாமே? மேசைய ஒரு துணி போட்டு மூடிட்டுப் போனா யார் தொடப்போறா?” என்றார் ஆசிரியர்.

அடைமொழியார் வெளியே வந்து அண்ணியை அழைத்தார்.

“அண்ணி, வேலை முடிஞ்சுது. இப்பவே வண்டி ஏறறேன்.”



“மெதுவாவே வாங்க தம்பி. இனிமே ஒண்ணும் அவசரமில்ல.”