ஒவ்வொரு காலையும் படலைக்கு வந்தவர்

அருள்நேசன் மாஸ்டர் காலமான செய்தி வந்தபோது நான் அவருக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். உடுவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தேன். கையில் இருந்த தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. முதல்நாள் பின்னேரம் தேவாலயத்தில் நடந்த பாட்டுப் பயிற்சியில் நாங்கள் இருவரும் முகம் முறித்துக்கொண்டு பிரிந்திருந்தோம். அப்படிப் பிரிந்தால் மறுநாள் ஏழு மணிக்கு முன்னமே சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் வந்து நிற்பது அவர் வழக்கம். அன்று ஏழரையாகியும் காணவில்லை. உள்ளே தொலைபேசி அடித்தது. எடுத்துப் பேசிய என் மனைவி ராணி, கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மாஸ்டர் நித்திரையிலையே போயிட்டாராம்" என்றாள்.

அடக்க ஆராதனையில் ஒருவர் அவரைச் சாந்த சொரூபி என்றார். சபையாரே, அவரை அறிந்த நீங்களும் தலையாட்டினீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. என்ன சாந்தம்! மூக்கின் நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு திரிந்த மனிதர் அவர். ஒரே கல்லூரியில் அவர் கணிதமும் நான் ஆங்கிலமும் படிப்பித்தோம். அவர் சத்தம் போட்டால் நான்கு வகுப்பு தள்ளி என் வகுப்பும் அடங்கிவிடும். அவரைச் சாந்தமானவர் என்று சொல்லிப் புதைப்பது, அவர் வாழ்நாள் முழுவதும் பட்ட பாட்டை மறைப்பதாகும்.

ஒருநாள், பக்கத்து வகுப்பில் எழுந்த கூச்சலுக்குத் தன் வகுப்பைத் தாறுமாறாக ஏசிவிட்டார். மறுநாள் முதல் பாடத்தில் பிள்ளைகள் முன்னால் நின்று, "நேற்று நான் உங்களுக்கு ஏசினது அநியாயம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றிருக்கிறார். அதிபர் கூப்பிட்டு, இப்படிச் செய்தால் ஒழுங்கு கெட்டுவிடும் என்றார். "ஒழுங்கு வேறை, வீம்பு வேறை, சேர்" என்று சொல்லிவிட்டு வந்தார். அவருடைய பேச்சு எப்போதும் அவ்வளவுதான்.

எனக்கும் அவருக்கும் வந்த பெரிய சண்டை ஒரு புது வருடத்தின் முதல் ஞாயிறன்று. எங்கள் சபையில் அன்று உடன்படிக்கை ஆராதனை. சபையார் எல்லோரும் எழுந்து நின்று தங்களை ஆண்டவருக்குப் புதிதாக ஒப்புக்கொடுப்பார்கள். வேதபாடம் வாசிப்பது என் முறை. புது வேட்டி, புதுச் சட்டை, கொஞ்சம் பெருமை. பக்க அடையாளமாக வைத்திருந்த நாடாவை நம்பி வேதாகமத்தைத் திறந்து வாசிக்கத் தொடங்கினேன். பாதியில், பாடகர் குழு இருந்த வாங்கிலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது.

"அது போன கிழமை வாசிச்சது, ஐசே!"

கோயில் முழுக்கச் சிரித்தது. போதகர் ஐயாவும் சிரித்தார். அதன் பிறகு எல்லோரும் எழுந்து, எங்களைப் புதிதாக்கும் என்று வேண்டிக்கொண்டோம். நானும் வேண்டினேன், இந்த மனிதனின் முகத்தில் இனி விழிப்பதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டே வேண்டினேன்.

மறுநாள் காலை வாசல் படலையில் சைக்கிள் மணி கேட்டது. "ஜெயசீலன் நிக்கிறாரோ?" என்று மாஸ்டர் கேட்டார். நான் உள்ளே இருந்து இல்லையென்று கையைக் காட்ட, ராணி, "இல்லை அண்ணை, வெளியிலை போயிட்டார்" என்றாள். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். மூன்று கிழமை, ஒரு நாள் தப்பாமல் அவர் வந்தார். ஒரு நாள் தப்பாமல் ராணி எனக்காகப் பொய் சொன்னாள். மனிதன் சளைத்துப் போகட்டும் என்றிருந்தேன். கடைசியில் சளைத்தது ராணிதான்.

"உள்ளுக்கைதான் நிக்கிறார், அண்ணை. வாங்கோ. என்னாலை இனி ஏலாது" என்று படலையைத் திறந்து விட்டாள்.

ஒளிக்க இடமில்லை. விறாந்தையில் எதிரும் புதிருமாக இருந்தோம். எரிச்சலோடு நான்தான் முதலில் வாய் திறந்தேன். "ஒருக்கா வந்து கேட்டனீர், சரி. ஏன் காணும் ஒவ்வொரு நாளும் வந்து கரைச்சல் தாறீர்?"

"முதல் நாள் வந்தது கோயில்லை உம்மை அவமானப்படுத்தினதுக்கு" என்றார். "நீர் கதவு துறக்கேல்லை. ராத்திரி படுத்தால் கோவம் கோவமாய் வருது, உவனுக்கு என்ன திமிர் எண்டு. விடிஞ்சால் அந்தக் கோவத்துக்கு மன்னிப்புக் கேக்க வேணும். ஒவ்வொரு நாளும் புதுக் கோவம், ஐசே. நான் என்ன செய்ய?"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ராணி தேத்தண்ணி கொண்டுவந்தபோது இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம். வருடத்துக்கு ஒரு தரம் எழுந்து நின்று புதிதாகிவிட்டோம் என்று நினைத்திருந்த எனக்கு, அந்த மனிதர் தினமும் காலையில் சைக்கிள் மிதித்துப் புதிதாகிக்கொண்டிருந்தது அன்றுதான் விளங்கியது. "ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டது செவ்வாய்க்கிழமைப் பசிக்குக் காணுமோ?" என்று பிறகு அடிக்கடி சொல்வார்.

அதன் பின் இருபது வருடத்துக்கு மேல் பழகினோம். எத்தனையோ தரம் சண்டை பிடித்தோம். பிழை யாருடையதாக இருந்தாலும் மறுநாள் காலை வந்தவர் அவர்தான். நான் ஒரு தரம்கூடச் சண்டிலிப்பாய்க்குப் போனதில்லை. அவர் வருவார்தானே என்று விறாந்தையில் இருந்து பழகிவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

அந்தக் கடைசிப் பின்னேரத்துப் பிழை முழுக்க என்னுடையது. ஞாயிறு பாட வேண்டிய கீர்த்தனையை அவர் ஆறுதலாகப் பாடச் சொன்னார். நான் விரைவாகப் பாட வேண்டும் என்றேன். வார்த்தைக்கு வார்த்தை வளர்ந்து, எல்லோர் முன்னாலும், "உமக்குக் காதும் போச்சு, தாளமும் போச்சு. இனி விட்டிட்டு வீட்டை இரும்" என்று சொல்லிவிட்டேன். அவர் பாட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டார். அந்த முதுகு இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

செய்தி கேட்டதும் ராணியோடு ஓட்டோவில் போனேன். இன்னும் ஆட்கள் சேரவில்லை. அவரைக் கட்டிலில் வெள்ளை விரித்துக் கிடத்தியிருந்தார்கள். காலடியில் நின்று, "மாஸ்டர், நேற்று நான் கதைச்சது பிழை. மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். தலைமாட்டில் இருந்த அவர் மனைவி புவனேஸ் அக்கா நிமிர்ந்து பார்த்தா.

"ராத்திரி ஜெபத்திலையும் உங்கடை பேர் சொன்னவர். விடிய உங்களிட்டைப் போக வேணும் எண்டு சொல்லிப்போட்டுத்தான் படுத்தவர்" என்றா. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா: "இண்டைக்கு நீங்கள் முந்தி வந்திட்டியள், தம்பி."

மாஸ்டரை அறிந்தவர்களே, அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் செய்துவந்த காலை வேலையை மட்டுமே. அது எனக்கு இன்னும் கைவரவில்லை. போன கிழமை ஒரு சின்ன விஷயத்துக்கு ராணியோடு எரிந்து விழுந்தேன். மறுநாள் விடிய எழும்பி, விறாந்தைக்குப் போகாமல் குசினிக்குப் போனேன்.

"நேற்று நான் கதைச்சது பிழை, ராணி" என்றேன்.

அவள் அடுப்பிலிருந்து கேத்திலை இறக்கி வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நேற்று மட்டும்தானோ?" என்றாள்.

கதிரையை இழுத்துப் போட்டு அவள் முன்னால் இருந்தேன்.