தேவிகா மாத்துன பேரிங்

"இந்தச் சக்கரத்துக்கு வாயி இருந்தா ஒன் மூஞ்சியில காறித் துப்பியிருக்கும்யா!"

பட்டறைக்காரன் தியாகராசன்கிட்ட தேவிகா இப்புடித்தான் எரிஞ்சு விழுந்தா. மீன் வண்டி கிறீச் கிறீச்சுன்னு கத்துது, மிதிச்சா நகர மாட்டேங்குது. மூணு வாட்டி கொண்டாந்துட்டா. மூணு வாட்டியும் சுத்தியால நாலு தட்டு, கழிவெண்ண ரெண்டு சொட்டு. இப்ப அச்சே போச்சாம், புது வண்டி வாங்கணுமாம்.

"மீனு விக்கிறவங்களுக்கு மெசினப் பத்தி என்னக்கா தெரியும்?"

"தெரிஞ்சுக்கிட்டு வர்றேன், இரு."

மறுநாள் காலைல கோவில்பத்துல ஜுவைரியா வீட்டு விருந்துக்கு இருபது கிலோ வஞ்சிரம் போவணும். போவலன்னா அந்தத் தெருவெல்லாம் ஆட்டோவுல மீன் விக்கிறவன் கைக்குப் போயிரும்.

தன் ஊரு பட்டினச்சேரிக்கு வந்ததும் சக்கரத்தக் கழட்டி, உள்ள இருந்த பேரிங் ரெண்டையும் உருவி, ஒண்ணக் கல்லுல வச்சு ஒடச்சா. புருசன் நீலமேகம் பதறிட்டான்.

"அடியே, இருந்ததும் போச்சா!"

"கத்தாதய்யா, இத பாரு. சின்ன வளையம் அச்சோட நிக்கிது. பெரிய வளையம் சக்கரத்தோட சுத்துது. நடுவுல குண்டுங்க. நீ படக எப்புடிக் கரையேத்துற? வெறும் மணல்ல இழுத்தா வருதா? அடியில உருளக்கட்ட போட்டாத்தான வருது? இங்க அந்த வேலைய குண்டுங்க செய்யுது. துருப்புடிச்சு ஒட்டிக்கிட்டு உருளாம கெடக்கு, அதான் இரும்பும் இரும்பும் தேயுது. அச்சுக்கு ஒண்ணும் ஆவல, கண்ணாடியாட்டம் வழவழன்னு இருக்கு."

"துரு எப்புடி வந்துச்சாம்?"

வித்து முடிச்சதும் வண்டிய அலையில எறக்கி, சக்கரம் முங்கக் கழுவுறவ அவதான. நல்ல தண்ணி மிச்சமாவுமேன்னு நம்ம ஊரு பொம்பளைங்க எல்லாம் செய்யிற கூத்து அது.

"நாந்தான் கொன்னேன்"னா.

ஒடஞ்ச வளையத்துல நம்பரு வெட்டியிருந்துச்சு. சாயங்காலமே காரைக்கால் கடையில அதே நம்பருல ரெண்டு கேட்டு வாங்கினா, தண்ணி உள்ள போவாம ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்டது. பெரிய வளையத்து மேல கட்டைய வச்சுத் தட்டி, ரெண்டையும் சக்கரத்துக்குள்ள எறக்கினா. சக்கரத்த ஒரு விரலால சுண்டிவிட்டா, சத்தமே இல்ல, அது பாட்டுக்கு நின்னு சுத்துது.

காலைல வஞ்சிரத்த ஏத்திக்கிட்டு பட்டறை வழியாத்தான் போனா. வேணும்னே அங்கன மிதிக்கட்டையிலேர்ந்து காலத் தூக்கிக்கிட்டா. வண்டி தானா ஓடுது.

"அக்கா! யாரு மாத்துனது?"

"மீனு விக்கிறவ!"

எட்டே முக்காலுக்கெல்லாம் ஜுவைரியா வீட்டு வாசல்ல மீன எறக்கியாச்சு. அந்தத் தெரு இன்னைக்கும் தேவிகாவுக்குத்தான். இப்பல்லாம் பொட்டிய மட்டுந்தான் கடல் தண்ணியில கழுவுறா, சக்கரத்த அலைப் பக்கமே விடுறதில்ல.

புது வண்டி வாங்கச் சொன்னானே தியாகராசன், அந்தச் சக்கரத்துக்குப் போட்ட பேரிங் ரெண்டும் சேத்து நூத்தியெண்பது ரூவா.