அக்கா படித்த சாமிகள்

உங்கள் அக்கா மதுரையில் என்ன படித்தாள் என்று யாராவது கேட்டால் நீங்கள் இரண்டு பேரும் விழிக்கிறீர்கள். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

அவள் எம்.ஏ.வில் எடுத்தது உலக மதங்கள். கிறிஸ்தவம், இஸ்லாம், பௌத்தம், நம்முடையது எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற படிப்பு. எட்டாவதோடு நின்ற எனக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. "படிச்சு முடிச்சுட்டுக் காவி கட்டிருவாளோ?" என்று உங்கள் அம்மாவிடம் கேட்டேன்.

"அவ சேலையே கட்ட மாட்டேங்குறா. காவியா கட்டப் போறா?" என்றாள் அம்மா.

கடைசி வருஷம் ஓர் ஆய்வு எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பட்டம் கிடையாது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் எந்தச் சாமிக்கு என்ன நேர்ந்துகொள்கிறார்கள் என்று எழுதப்போவதாகச் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர்களைத் தினமும் போடியிலிருந்து மலைமேல் கேரளப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஏற்றிப்போவது என் ஜீப்தானே.

லீவுக்கு வந்தவள், முதல் நாள் என் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து, தாளும் பேனாவுமாகப் பின்னால் திரும்பி, "அத்தை, உங்க பேரு, ஊரு, மதம் சொல்லுங்க" என்றாள். ஜீப் முழுக்கப் பேச்சு நின்றுவிட்டது. மறுநாள் காலையில் பார்த்தால், எல்லாரும் வேறு ஜீப்பில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓடிப்போய்க் கேட்டேன். அவர்களில் மூத்தவர், ராசிங்காபுரத்து அத்தை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ரேசன் கார்டு இங்கிட்டு இருக்கா, கேரளாவுல இருக்கான்னு பாக்கத்தானே அண்ணே உங்க மக எழுதுறா? நாளைக்கு அரிசிய நிப்பாட்டிருவாக."

மலைக்கு இரண்டு பக்கமும் கால் வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு, பேரும் ஊரும் கேட்டு யார் எழுதினாலும் உதறல்தான். நான் சொன்ன சமாதானம் எடுபடவில்லை. அக்கா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. "வேற தலைப்பு எடுக்க நாளில்லப்பா" என்றாள். மறுநாள் தாளை வீட்டிலேயே வைத்துவிட்டு, அவர்கள் ஏறிய ஜீப்பிலேயே ஏறிக் காய் எடுக்கப் போய்விட்டாள்.

மேலே நடந்தது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிய சரத்தில் காய்க்கும். உட்கார்ந்து, முற்றியதாகப் பார்த்து எடுக்க வேண்டும். இவள் பிஞ்சையும் சேர்த்துக் கிள்ளி, கங்காணியிடம் நன்றாக ஏச்சு வாங்கியிருக்கிறாள். அப்போதுதான் அவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கிறது.

"ஏ புள்ள, நெசமாவே படிக்கத்தான் செய்யுறியா? எந்தச் சாமியப் படிக்கிற?"

"எல்லாச் சாமியையும், அத்தை."

"அப்பப் பரீட்சையில எந்தச் சாமி பாஸாக்கும்?"

"அதக் கேக்கத்தான் உங்ககிட்ட வந்தேன்."

பிறகு பேச்சு நிற்கவே இல்லை. செடிக்கடியில் பாம்பு கிடக்கும். அதனால் தோட்டத்துப் பாதையில் சிலுவை நட்ட சின்னக் குருசடியில், குதிரைமேல் இருந்து பாம்பைக் குத்துகிற புனிதருக்கு இவர்கள் கோழி நேர்ந்துகொள்கிறார்கள். நெற்றித் திருநீறோடு போய் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அவர் பேர் இவர்களுக்குத் தெரியாது. குதிரைக்காரச் சாமி என்பார்கள்.

"அவரு யாரு சாமி அத்தை, அவுக சாமியா, நம்ம சாமியா?" என்று அக்கா கேட்டாளாம்.

"மேல இருக்கப்ப அவரு பாத்துக்குவாரு. கீழ எறங்கிட்டா நம்ம கருப்பசாமி. ரெண்டு பேருக்கும் குதிரை இருக்குல்ல, அவுகளுக்குள்ள பேசிக்குவாக" என்றாராம் ராசிங்காபுரத்து அத்தை.

லீவு முடியும்வரை அக்கா காய் எடுக்கப் போனாள். யார் பேரும் ஊரும் இல்லாமல் எழுதி, முதலில் அவர்களுக்கே வாசித்துக் காட்டினாள். அதற்குள் எல்லாரும் என் ஜீப்புக்கே திரும்பியிருந்தார்கள்.

ஒருநாள் காலையில் போடிமெட்டில் டீக்கு நிறுத்தியிருந்தபோது மதுரையிலிருந்து அக்காவின் போன் வந்தது. "ஆய்வ ஏத்துக்கிட்டாங்கப்பா" என்றாள். ஜீப்பின் பின்பக்கம் போய் அவர்களிடம் சொன்னேன். அதற்குமேல் போன் என் கையில் இல்லை. மதுரைவரைக்கும் கேட்க வேண்டும் என்பதுபோல ஒவ்வொருவரும் அதில் கத்தினார்கள். வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் அவசரப்படுத்தவில்லை. இன்னொரு டீ சொன்னேன்.