வெறும் வயிற்றில் ஒரு குளியல்

பட்டாளத்தை விட்டு வந்தபோது என்னோடு கூட வந்தவை இரண்டு: நேரம் தவறாத பழக்கமும் சர்க்கரையும். இவை கூட்டுச் சேர்ந்து ஒருநாள் என்னைக் குற்றாலத்தில் சாய்க்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், ‘போய் வேலையைப் பாரும்’ என்றிருப்பேன்.

டாக்டர் யோகாவுக்குப் போகச் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பனிமலையில் மூட்டை சுமந்து ஏறியவனைப் பாயில் உட்கார்ந்து மூச்சு விடச் சொல்கிறாரே என்று. என் மனைவி விடவில்லை. தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் விடிகாலை வகுப்பு. முதல் நாள் குனிந்து கால் கட்டைவிரலைத் தொட முடியவில்லை. பக்கத்தில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் நெற்றியால் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தார். மானம் போயிற்று. அந்த ரோஷத்திலேயே ஒருநாளும் தவறாமல் போனேன்.

நம்பவே முடியவில்லை, சர்க்கரை இறங்கியது. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. பாத எரிச்சல் போய்விட்டது. “குறைய ஆரம்பிச்சா உடனே வந்து பாருங்க, மாத்திரையை மாத்தணும்” என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதுதான் குறைந்துவிட்டதே, அவரைப் போய்த் தொந்தரவு செய்வானேன் என்று இருந்துவிட்டேன். மாத்திரையை மட்டும் விடவில்லை. வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் மாத்திரை, பின்னாலேயே இட்லி. அது பட்டாளத்து ஒழுங்கு.

அந்த ஆனி மாதக் காலையில் மேற்கே மலை தெரியாமல் மேகம் இறங்கியிருந்தது. சாரல் விழுந்துவிட்டால் தென்காசிக்காரனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. வகுப்பு முடிந்ததும் மனைவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு குற்றாலம் மெயின் அருவிக்குப் போனேன். சாப்பிட்டுவிட்டு அருவியில் நிற்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. குளித்து, நடுங்கிக்கொண்டே வந்து, ஆவி பறக்கத் தின்ன வேண்டும். பாதிப் பேர் குளிப்பதே அதற்குத்தான். ஆனால் மாத்திரை நேரம் வந்துவிட்டதே. வண்டியை நிறுத்திய இடத்திலேயே சட்டைப் பையிலிருந்து எடுத்து விழுங்கினேன். யோகாவுக்கும் வெறும் வயிறு, அருவிக்கும் வெறும் வயிறு. மாத்திரைக்கு அது ஆகாது என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

அன்றைக்குச் சரியான கூட்டம். அவள் பெண்கள் பக்கம் போய்விட்டாள். நான் வரிசையில் நின்று நின்று ஒருவழியாகத் தண்ணீருக்குள் புகுந்தேன். கொஞ்ச நேரத்தில் கை நடுங்கியது. குளிர் என்று நினைத்தேன். பிறகு கால் என் பேச்சைக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவர் மேல் சாய்ந்தேன். அவர் தள்ளிவிட்டார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

“யோவ் பெருசு, விடியுமுன்னயே ஏத்திட்டு வந்துட்டியா? ஒன்னயெல்லாம் யாருவே குளிக்கச் சொன்னா?”

குடிக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். குழறலாக ஏதோ வந்தது. என் காதிலேயே அது குடிகாரன் பேச்சாகத்தான் விழுந்தது. அதிர்ந்துபோனேன். சர்க்கரை வந்த நாளிலிருந்து ஒரு சொட்டுத் தொடாதவன் நான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் போனில் படம் எடுத்தார். “ஓரமாக் கெடத்துங்க, தெளிஞ்சதும் போவான்” என்றார் போலீஸ்காரர். சுவரோரம் கிடத்தினார்கள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே தூங்கிவிடலாம் போலச் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தை இப்போது நினைத்தாலும் ஈரக்குலை நடுங்குகிறது.

ஈரப் புடவையோடு அவள் வந்து நின்றது மங்கலாகத் தெரிந்தது. குனிந்து என் வாயருகே மூக்கைக் கொண்டுவந்தாள். அந்தக் காலத்தில் நான் லீவில் வரும்போதெல்லாம் வாசலில் வைத்தே அவள் செய்த சோதனை அது. அதைப் போல எனக்கு எரிச்சலூட்டியது வேறெதுவும் இல்லை.

“நாத்தமே இல்லயே! இவிய குடிக்கல. ஏங்க, மாத்திரை போட்டியளா?”

தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

“ஐயோ, வெறும் வயித்துலயா!” பக்கத்துச் சர்பத் கடைக்கு ஓடினாள். “சீனிய அள்ளிப் போடுங்க அண்ணாச்சி, சீக்கிரம்!”

வீட்டில் என் காப்பியில் சீனியைக் கண்ணில் காட்டாதவள், என்னை நிமிர்த்தி உட்காரவைத்து மடக்கு மடக்காகப் புகட்டினாள். போலீஸ்காரருக்கு முகம் வெளிறிவிட்டது. அவரே வண்டி பிடித்து என் டாக்டரிடம் அனுப்பிவைத்தார்.

மெஷினைப் பார்த்த டாக்டர் நம்பாமல் இன்னொரு விரலில் குத்திப் பார்த்தார். சர்பத் குடித்த பிறகும் சர்க்கரை அவ்வளவு கீழே கிடந்தது. “யோகா வேலை செய்யலைன்னா நீங்க விழுந்திருக்க மாட்டீங்க” என்றார். திருதிருவென்று விழித்தேன். “உடம்பு தேறிடுச்சு. பழைய உடம்புக்குக் கொடுத்த மாத்திரையை இந்த உடம்புக்குப் போட்டுட்டு, பட்டினி வேற கிடந்திருக்கீங்க.” நோய் முற்றிச் செத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நோய் குறைந்து சாகப் போன மனுஷன் நான்தான். மாத்திரை அளவைக் குறைத்துத் தந்தார். வகுப்புக்கு இன்னும் போகிறேன். சட்டைப் பையில் வெல்லக்கட்டி இருக்கிறது.

இந்தச் சீசனுக்கு மறுபடி அருவிக்குப் போனோம், இட்லி சாப்பிட்டுவிட்டு. அதே சுவரோரம் ஒருவர் ஒருக்களித்துக் கிடந்தார். ஜனங்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு விலகிப் போனார்கள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், மண்டியிட்டு, அவர் வாயருகே மூக்கை வைத்தேன்.

பிராந்தி நெடி குப்பென்று அடித்தது. அப்பாடா என்று அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.